செத்தவங்க வாழ்த்து மட்டும்தான் சொல்லணுமாம்

அத இன்னொரு தடவ போடு கண்ணு. பாட்டு இல்ல, அதுக்கு முன்னாடி ஒருத்தரு வந்தாரே, மாலை போட்ட போட்டோவுலேருந்து எறங்கி வந்து கல்யாணப் பொண்ணு தலையில கைய வச்சாரே, அது. ம். பாத்தியா, அந்த மனுஷனுக்குக் கோட்டு மாட்டி விட்டுட்டாங்க. உசுரோட இருக்கறப்ப வேட்டிதான் கட்டியிருப்பாரு, கழுத்தப் பாத்தாலே தெரியுது. செத்தா எல்லாருக்கும் கோட்டு. என்ன ஏற்பாடோ.

உன் செல்ல எட்டிப் பாக்கறேன்னு நெனச்சுக்காத. மடியில வச்சிருக்க, கண்ணு தானா போவுது. சேலம்தானே நீயும்? நானும் அங்கதான். என் பொண்ணுக்கு நாளைக்கு வளைகாப்பு. அப்ப நாமக்கல் தாண்டியும் நேரம் இருக்கு, கேளு. நீ பாக்கற இந்த மாதிரி வீடியோவாலதான் நான் மாசியிலேருந்து படாத பாடு படறேன்.

மொதல்ல அங்க பாரு. டிரைவருக்குப் பின்னாடி, கிளிப்பச்சப் பொடவ, கம்பியில தலையச் சாச்சுகிட்டு. தூங்கற மாதிரி இருக்கும், தூங்கல. அவதான் என் நாத்தனா, பூங்கோதை. எங்க வீட்டுக்காரருக்கு ஒரே தங்கச்சி. துறையூர்ல ஏறுனப்ப ரெண்டு பேருக்கும் வேற வேற சீட்டு. கண்டக்டரு மாத்தித் தரட்டுமான்னு கேட்டாரு. வேணாம் தம்பி, அவங்கவங்க நிம்மதியா வரட்டும்னுட்டேன்.

எங்க வீட்டுக்காரரு லைன்மேனா இருந்தாரு. கம்பத்து மேல ஏறுனா ஊருக்கே வெளிச்சம், எறங்குனா வாயில பேச்சு இருக்காது. அப்படி ஒரு மனுஷன். அவருக்கும் சேத்து நான்தான் பேசுவேன். பேங்க்ல நான், கடையில நான், பொண்ணோட பள்ளிக்கூடத்துல நான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா டாக்டரு அவரப் பாத்து எங்க வலிக்குதும்பாரு, நான் சொல்லுவேன். ஒரு டாக்டரம்மா மட்டும், கொஞ்சம் நீங்க வெளிய இருங்கம்மா, அவரே சொல்லட்டும்னாங்க. சரின்னு வெளிய உக்காந்தேன். அரமணி நேரம் ஆச்சு. கதவத் தொறந்து வந்து, அவரு ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறாரே, எங்க வலிக்குதாம்னு என்னையே கேட்டாங்க. அதத்தானேம்மா மொதல்லயே நான் சொன்னேன்.

அவரு போயி மூணாவது வருஷம் நடக்குது. பொண்ணு அபிநயாவுக்கு இந்தத் தையிலதான் கல்யாணம் வச்சோம். சேலத்து மாப்ள. அவங்க பக்கம் எல்லாத்துலயும் கொஞ்சம் பெரிய கை. மண்டபத்துக்குள்ள டிரோன் பறந்துச்சுன்னா பாத்துக்கோயேன். எங்க பெரியப்பா ஒருத்தரு சாப்புட்டுகிட்டே எல கிட்ட வந்துச்சுன்னு அத வெரட்டுனாரு, அதுவும் வீடியோவுல இருக்கு. ஆனா அபிக்கு அதெல்லாம் பத்தல. அவ ஃபிரண்டு கல்யாணத்துல, செத்துப்போன அப்பா எல்இடி ஸ்கிரீன்ல வந்து வாழ்த்துனாராம். அம்மா, எனக்கும் அப்பா வரணும்மான்னு அழுவுறா. அழுவுற பொண்ணுகிட்ட என்னத்தச் சொல்றது. பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்ல லாரன்ஸ் ஸ்டுடியோ இருக்கு, அந்தத் தம்பிகிட்ட போனோம்.

போட்டோ குடுத்தாச்சு. கொரல் வேணும்னான். கொரலுக்கு நான் எங்க போவேன்? அவரு பேசி யாரு கேட்டா? தேடித் தேடிப் பாத்ததுல, யூனியன் கூட்டத்துல மைக்கப் புடிச்சு, வந்திருக்கற எல்லாருக்கும் நன்றின்னு சொன்னது ஒண்ணு கெடச்சுது. அபி செல்லுல, அம்மா ஒன்ன கூப்புடறா, பேசுன்னு சொன்னது ஒண்ணு. அவ்வளவுதான். இந்த ரெண்ட வச்சுகிட்டு லாரன்ஸு அவர மூணு நிமிஷம் பேச வச்சான் பாரு. கூட வாழ்ந்த நான் அத்தன வருஷத்துல செய்ய முடியாதத ஒரு கம்ப்யூட்டரு மத்தியானத்துக்குள்ள செஞ்சுது.

சரி, என்ன பேசறதுன்னு ஒண்ணு இருக்குல்ல. அபி சொன்னா, அப்பா ஆஸ்பத்திரியில கடைசியா என்னப் பத்தி என்னம்மா சொன்னாரு, அதையே பேச வைக்கலாம், சும்மா கற்பனையா வேண்டாம்னா. அவரு போறப்ப அவ ஹைதராபாத்துல வேலையில இருந்தா, வந்து சேர்றதுக்குள்ள நெனவு போயிருச்சு. அவரு கடைசியா என்ன சொன்னாருன்னு கேக்கறியா? ஃபேனக் கொற. அதான் சொன்னாரு. பெத்த பொண்ணு கண்ணுல தண்ணியோட நிக்கறா, ஒங்கப்பா ஃபேனக் கொறன்னாருடின்னு சொல்லச் சொல்றியா? நீயே சொல்லு.

நான் எழுதிக் குடுத்தேன். அபிம்மா, நான் எங்கயும் போகல, உன் பக்கத்துலயேதான் இருக்கேன்னு ஆரம்பிச்சு, மாப்ள, என் கண்ண ஒங்ககிட்ட ஒப்படைக்கறேன்னு வரைக்கும். இதெல்லாம் அப்பா ஆஸ்பத்திரியில சொன்னதுடின்னு அவகிட்டயும் சொன்னேன். பொய்னு நெனக்காத. வார்த்த வெளிய வரல, மனசுல இருந்துச்சு. அவரு மனசுல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா? நடுவுல, ஒங்கம்மா மாதிரி ஒருத்தி கெடைக்க நான் குடுத்து வச்சிருக்கணும், அவ பேச்சத் தட்டாதன்னு ஒரு வரி வரும். அது லாரன்ஸு சேத்திருப்பான்னு நெனக்கறேன்.

இதுல பூங்கோதை எங்க வந்தான்னு கேளு. அங்கதான் வெனையே. எங்க வழக்கத்துல பொண்ண மணமேடைக்குக் கூட்டிட்டு வர்றப்ப அப்பாவோட தங்கச்சிதான் வெளக்கு எடுத்துகிட்டு முன்னாடி நடக்கணும். வேற யாரு எடுத்தாலும் ஊரு கேக்கும், அத்த எங்கன்னு. அவளோ அவங்கண்ணன் சாவுக்கு அப்புறம் எங்க வாசப்படி மிதிக்கல. எதுக்குங்கற? எடுத்துட்டோமாம். அவ வர்றதுக்குள்ள அவர எடுத்துட்டோமாம். வெள்ளிக்கெழம, பொழுது சாயறதுக்குள்ள எடுக்கணும்னு பெரியவங்க சொன்னாங்க. இவ திருப்பூர்லேருந்து கெளம்புன பஸ்ஸு கரூர்கிட்ட டயர் வெடிச்சு நின்னுடுச்சு. அதுக்கு நானா ஆணி போட்டேன்? ஒரு மணி நேரம் வைங்க அண்ணின்னு கேட்டாளாம். புருஷனப் பறிகுடுத்தவ செல்லப் பாத்துகிட்டா உக்காந்திருப்பா? அதுல ஏழு கால் வந்திருக்கு, எல்லாத்தையும் பாக்கவா முடியும். ஐஸ் பெட்டி கெடைக்கலங்கறதும் ஒரு காரணம். கேட்டிருந்தா கெடச்சிருக்கும்னு சில பேரு சொல்லுவாங்க. சொல்லுவாங்க, சொல்றதுக்கு என்ன.

தாம்பூலத் தட்டோட திருப்பூருக்கே போயி அழச்சேன். வரேன்னா. அவ வரேன்னு சொன்னது, மழ வந்தாலும் வரும்னு சொல்ற மாதிரி இருந்துச்சு. அதனால நான் ஒரு வேல பண்ணேன். முகூர்த்தத்துக்கு மொத நாள் சாயங்காலம்தானே ரிசப்ஷன், வீடியோவ அப்பதானே போடறாங்க, அதுல அவளுக்கும் ஒரு வார்த்த வச்சா மறுநா காலையில வெளக்கு எடுத்துடுவால்ல. லாரன்ஸுக்குப் போன் போட்டு ஒரு வரி சேக்கச் சொன்னேன். தங்கச்சி பூங்கோதை, அண்ணன் இல்லேன்னு நெனக்காத, நம்ம வீட்டுல உனக்குன்னு ஒரு ரூம் எப்பவும் இருக்கு, வந்து இரும்மா. இதான். சபையில நாலு பேரு கேக்க ஒரு மரியாதைக்குச் சொல்றது. நம்ம வீட்டுக்கு ஒரு நாள் வாங்களேன்னு பஸ்ல பாக்கறவங்ககிட்டல்லாம் சொல்லுவோம்ல. உன்கிட்டயும் எறங்கறப்ப சொல்லுவேன். வந்துடாத.

ரிசப்ஷன்ல வெளக்க அணைச்சாங்க. மைக்ல ஒரு பையன், இது அப்பா மருத்துவமனையில கடைசியாச் சொன்ன வார்த்தைகள்னு கொரல நடுங்க வச்சு சொன்னான், நாடகத்துக்குப் போயிருக்க வேண்டியவன். அவரு வந்தாரு. மீச கறுப்பா, மொகம் பளபளன்னு, மாப்ளயவிட நல்லாருந்தாரு. அபி நின்ன எடத்துலயே ஒடஞ்சு போயிட்டா. சம்பந்தியம்மா மூக்க உறிஞ்சறாங்க. எனக்கா? எனக்கு ஒண்ணும் தோணல. எழுதுனதெல்லாம் விட்டுப்போகாம வருதான்னு பாத்துகிட்டிருந்தேன். பூங்கோதை பேரு வந்தப்ப திரும்பிப் பாத்தேன். கடைசி வரிசையில உக்காந்திருந்தவ எழுந்து நின்னா. அழுவல, ஒண்ணும் பண்ணல. ஸ்கிரீன் அணையற வரைக்கும் நின்னுகிட்டே இருந்தா, அவ்வளவுதான். மறுநா விடியக்காலையில எல்லாருக்கும் முன்னாடி குளிச்சு வெளக்கோட ரெடி.

பாத்தியா என் புத்தியன்னு எனக்கு நானே மெச்சிகிட்டேன்.

மாசி பொறந்துச்சு. ஒரு நாள் காலையில வாசல்ல ஆட்டோ. பூங்கோதை எறங்கறா. பின்னாடி சூட்கேசு. அதுக்குப் பின்னாடி குக்கர். நீ யோசிச்சுப் பாரு கண்ணு, ரெண்டு நாளு இருந்துட்டுப் போறவ குக்கர் எடுத்துகிட்டு வருவாளா? என்ன பூங்கோதைங்கறேன். அண்ணன் சொன்னாருல்ல அண்ணி, வந்துட்டேங்கறா.

வந்தவ சும்மா இருக்கணும்ல. பருப்பு டப்பா இருந்த எடத்துல சக்கர டப்பா. ரசத்துக்குப் பூண்டு தட்டிப் போடறதா நசுக்கிப் போடறதான்னு ஒரு வாரம் போச்சு. நான் ஒரு சீரியல் பாத்தா அவளுக்கு அதுல வர்ற மாமியாரப் புடிக்காது, எனக்கு அந்த அம்மாவ விட்டா வேற யாரையும் புடிக்காது. சாயங்காலம் பக்கத்து வீட்டு ரேவதி வந்தா, முன்னாடி என்கிட்ட பேசுவா, இப்ப நேரா உள்ள போறா. பூங்கோதக்கா இருக்காங்களா. இருக்காங்க, எங்க போவப் போறாங்க.

மகன் இல்லாதவளும் இல்ல. திருப்பூர்ல பிரபாகரு பனியன் கம்பெனியில மேனேஜரு, நல்ல வீடு. அங்க என்ன கொறன்னு கேட்டதுக்கு, செவுரு பேசுது அண்ணின்னா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு, ஏதாவது ஆயிருச்சோன்னு. அப்புறம் பாத்தா, பகல்ல அம்மா தனியா இருக்காங்களேன்னு அவன் ஹால்ல ஒரு கேமரா மாட்டியிருக்கான். ஆபீஸ்லேருந்து செல்லுல பாக்கலாமாம், பேசவும் பேசலாமாம். இவ மத்தியானம் கொஞ்சம் கண்ணசந்தா, செவுத்துலேருந்து, அம்மா கேஸ் அணைச்சியா. காலு நீட்டி உக்காந்தா, அம்மா மாத்தர போட்டியா. ஒரு நா எதுத்த வீட்டம்மா வந்து மருமகளப் பத்தி ஏதோ கேட்டிருக்கு, இவளும் வாயத் தொறந்திருக்கா, செவுரு இருமிச்சாம். அன்னிலேருந்து இவ சமையக்கட்டுக்குள்ளயே உக்காந்து சாப்புட்டிருக்கா. அங்க கேமரா இல்லையாம். பாதுகாப்புக்குத்தானே பூங்கோதை வச்சான், நல்ல புள்ளதானேன்னேன். ஆமா அண்ணி, நல்ல புள்ளதான், அதான் அவன ஒண்ணும் சொல்ல முடியலன்னா.

என்ன பண்ணுவேன் சொல்லு. அங்க உசுரோட இருக்கற புள்ள செவுத்துல பேசுறான், அதப் புடிக்கலன்னு செத்துப்போன அண்ணன் ஸ்கிரீன்ல பேசுனத நம்பி என் வீட்டுக்கு வந்துட்டா.

சாடமாடையா சொல்லிப் பாத்தேன். பிரபாகரு தேடுவான்ல. தேட மாட்டான். ஆடிக்குப் போயிட்டு வாயேன். ஆடியில பயணம் ஆகாது. நேரா, அது அவரு சொன்னது இல்ல, நான் சொன்னதுன்னு போட்டு ஒடைச்சிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். எப்படி ஒடைக்கறது? அவளுக்குச் சொன்னது நானுன்னா அபிக்குச் சொன்னதும் நான்தானே. அபி தெனம் அந்த வீடியோவப் போட்டுப் பாத்துட்டுத்தான் தூங்கறாளாம், மாப்ள சொன்னாரு. அபிகிட்டயே போன்ல மெதுவா இழுத்தேன், ஏன்டி, அத்த எத்தன நாளைக்கு இங்கன்னு. அம்மா, அது அப்பாவோட கடைசி ஆசம்மா, அதப் போயி கேக்கறியேன்னு வச்சுட்டா. என் வீட்டுல யாரு இருக்கணும்னு நானே எழுதிக் குடுத்துட்டு, அத நானே கேக்கக் கூடாதாம்.

அப்பதான் எனக்கு ஒரு வழி தோணுச்சு. வரச் சொன்ன வாயாலயே போகச் சொல்ல வச்சா?

வளைகாப்புக்கு அப்பா பேசணும்மான்னு அபி முன்னாடியே கேட்டிருந்தா. பொறக்கப்போற புள்ளையப் பத்தி அப்பா ஏதாச்சும் சொல்லியிருக்காரான்னு. அதோட சேத்து ஒரு வரி வச்சா ஒரே வேலையில ரெண்டும் முடியும். போன வாரம் லாரன்ஸ் கடைக்குப் போனேன். வாசல்ல புதுசா ஒரு போர்டு. மறைந்தவர்கள் வாழ்த்து மட்டுமே வழங்குவார்கள். புத்திமதி, புகார், உத்தரவு கிடையாது. கீழ கை கூப்புன படம் வேற.

என்ன தம்பி இதுன்னேன். ஏன் கேக்கறீங்கம்மான்னு தலையில கைய வச்சுகிட்டான். முசிறிப் பக்கம் ஒரு குடும்பம், பெரிய மகன் வீட்டுக் கல்யாணத்துல தாத்தா ஸ்கிரீன்ல வந்து, எல்லாரும் பெரியவன் பேச்சக் கேட்டு நடங்கன்னுட்டாரு. சின்ன மகன் சும்மா இருப்பானா? வேற ஊருல வேற ஸ்டுடியோவப் புடிச்சு, தன் வீட்டுப் புதுமனையில அதே தாத்தாவக் கூட்டிட்டு வந்து, அங்க பேசுனது நான் இல்லன்னு சொல்ல வச்சுட்டான். இப்ப அந்த வீட்டுல ரெண்டு தாத்தா, ஒருத்தருக்கொருத்தரு பேச்சு வார்த்த இல்ல. கல்லு எறிஞ்சது என் கடை கண்ணாடியிலம்மாங்கறான்.

இதுக்கெல்லாம் சட்டம் வந்துடுச்சா தம்பி? இன்னும் வரலம்மா, அது வர்ற வரைக்கும் என் கடைக்கு நான்தான் சட்டம்னான். அதுல இன்னொண்ணும் வச்சிருக்கான். கட்டிக்கிட்ட பக்கம் ஒருத்தரு, கூடப்பொறந்த பக்கம் ஒருத்தரு, ரெண்டு பேரும் நேர்ல வந்து சரின்னு சொன்னாத்தான் செத்தவரு வாயத் தொறப்பாராம். கூடப்பொறந்த பக்கம்னா எங்க வீட்டுக்காரருக்கு இருக்கறது அவ ஒருத்திதான். நான் விடுவனா. தம்பி, இதுல உத்தரவே இல்ல, வாழ்த்துதான், தங்கச்சி நீ உன் மகன் வீட்டுல போயி நல்லா இருன்னு வாழ்த்தறாரு, அவ்வளவுதானேன்னேன். அவன் என்னையே பாத்தான். ஏம்மா, போன தடவ கடைசியாச் சொன்னதுன்னு மைக்ல சொன்னீங்க. இது அதுக்கும் அப்புறமா?

அதுக்கு மொத நாள் சொன்னதா வச்சுக்கோன்னேன். எல்லாத்துக்கும் நான்தான் யோசிக்கணும்.

வீட்டுக்கு வந்து, பூங்கோதை, வளைகாப்புக்கு அண்ணன் பேசணுமாம், நீயும் வந்து சரின்னு ஒரு வார்த்த சொல்லுன்னு கூப்புட்டேன். தலைய வாரிகிட்டு வந்துட்டா. உள்ள இன்னொரு வரி இருக்குங்கறத நான் சொல்லல. லாரன்ஸ்கிட்டயும் தனியா சொல்லி வச்சேன், நீ பாட்டுக்கு வேலையப் பாரு, படிச்சுக் காட்டிகிட்டு இருக்காதன்னு. சரிம்மா சரிம்மான்னான். நாங்க ரெண்டு பேரும் போயி உக்காந்ததும் அவன் செஞ்ச மொத வேல என்ன தெரியுமா, நான் அனுப்புன வாய்ஸ் மெசேஜ ஸ்பீக்கர்ல போட்டான். புது ரூல்மா, ரெண்டு தரப்பும் கேக்கணும்னு. என் கொரலு கடை முழுக்கக் கேக்குது. பூங்கோதை, நீ கெளம்பிப் போயி மகன் வீட்டுல நல்லா இரும்மா, பெத்தவ இருக்க வேண்டிய எடம் அதுதான், அண்ணியத் தொந்தரவு பண்ணாத.

கடைசி வாக்கியம் வேண்டியதில்லதான். பேசறப்ப வந்துருது.

ஸ்கிரீன்ல அவரு இருந்தாரு, பேசறதுக்குத் தயாரா, வாய லேசாத் தொறந்துகிட்டு. லாரன்ஸு கீபோர்டப் பாக்கறான். நான் மேல பாக்கறேன், ஏசியப் பாக்கறேன். பூங்கோதை சிரிச்சா. கோவப்பட்டிருந்தா பரவாயில்ல, சிரிச்சுட்டா.

"எனக்குத் தெரியும் அண்ணி. மண்டபத்துலயே தெரியும்."

"என்ன தெரியும்?"

"எங்கண்ணன் மூணு நிமிஷம் மூச்சு விடாம பேசுனதப் பாத்தே எனக்குத் தெரிஞ்சு போச்சு. மொகம் அண்ணன் மொகம், கொரலு அண்ணன் கொரலு. வாயி உங்களுது. அதுவும் உங்கள நீங்களே மெச்சிகிட்டீங்க பாருங்க, அங்க சந்தேகமே போயிருச்சு."

லாரன்ஸு இருமுனான். இவனும் ஒரு செவுரு.

"தெரிஞ்சுமாடி வந்த?" வாடி போடின்னு அவள நான் கூப்புட்டதே இல்ல, அன்னிக்கு வந்துடுச்சு.

"தெரிஞ்சதுனாலதான் வந்தேன். அண்ணன் கூப்புட்டா நான் எங்க வர்றது, அவருதான் இல்லையே. நீங்க கூப்புட்டீங்க. அன்னிக்கு ஏழு தடவ போன் போட்டப்ப எடுக்காதவங்க, ஊரே பாக்க ஸ்கிரீன் போட்டுக் கூப்புடறீங்களேன்னு வந்தேன்."

நான் முந்தானைய இழுத்துப் போத்திகிட்டேன். அந்த ஏசி அப்படி.

"அண்ணன் மொகத்த நான் பாக்கவே இல்ல அண்ணி. மீசைய எவ்வளவு கறுப்பாக்கியிருந்தாலும், மண்டபத்துல பாத்தேன். அது போதும்"னா. அப்புறம், "போகச் சொல்றதுன்னா சொல்லுங்க, போறேன். ஆனா அவரு வாயால வேணாம். உங்க வாயால ஒரு தடவ சொல்லுங்க, சாயங்காலமே பஸ் ஏறிடறேன். அபிகிட்டயும் ஒண்ணும் சொல்ல மாட்டேன், அது நம்மளோட போவட்டும்."

சொல்லலாம்ல? ஒரே வார்த்த. போ. அவ்வளவுதானே. ஊருக்கெல்லாம் பேசுற வாயி. நான் லாரன்ஸப் பாத்தேன். அவன், அம்மா, கரண்ட் போறதுக்குள்ள சொல்லுங்க, டைப் அடிக்கவா வேணாமாங்கறான். வெவரம் தெரியாத பையன்கிட்ட குடும்ப விஷயத்த எப்படிப் பேசறது, அதான் வாய மூடிகிட்டேன். வேற ஒண்ணும் இல்ல. அப்புறம் வெள்ளிக்கெழம வந்துச்சு, வெள்ளிக்கெழம யாரையும் வீட்ட விட்டு அனுப்பக் கூடாது. அப்புறம் வளைகாப்பு வேல. சொல்லுவேன். ஊருக்குத் திரும்பிப் போயி நிதானமாச் சொல்லுவேன். தை பொறக்கட்டும்.

நான் வாயத் தொறக்கலேன்னதும் அவளே கம்ப்யூட்டர் கிட்ட நாற்காலிய இழுத்துப் போட்டுகிட்டா. தம்பி, அந்த மெசேஜு எல்லாத்தையும் அழிச்சுடு. நான் சொல்றத மட்டும் அடின்னா. என்ன சொன்னா தெரியுமா? "அபி, சாப்ட்டியா." அவ்வளவுதான்.

அவ்வளவுதானாங்கறான் லாரன்ஸு. பின்னணியில வீணையாச்சும் வைக்கட்டுமாங்கறான். ஒண்ணும் வேணாம்னுட்டா. மீசைய நரைக்க வை, அந்தச் சட்டையக் கழட்டிட்டு வீட்டுல போடற முண்டா பனியன் போடுன்னா. நான் விட்டுக் குடுப்பனா, ஏன் பூங்கோதை, பொறக்கப்போற புள்ளைக்கு ஒரு வாழ்த்து வேண்டாமா, சபையில நாலு பேரு என்ன நெனப்பாங்கன்னேன். அதுக்கு அவ, அண்ணனக் கேட்டிருந்தா இதத்தான் சொல்லியிருப்பாரு அண்ணி, நீங்களே பாருங்கன்னா.

போட்டான். அவரு வந்தாரு. முண்டா பனியனோட, வேலைக்குப் போயிட்டு வந்து மூஞ்சி கழுவுன மாதிரி. கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல, சும்மா பாத்துகிட்டிருந்தாரு. அப்புறம் அந்த ரெண்டு வார்த்த.

மூணு நிமிஷம் பேசுனப்ப எனக்கு ஒண்ணுமே ஆகல கண்ணு. அன்னிக்கு நான் எந்திரிச்சு வெளிய வந்துட்டேன். பஸ் ஸ்டாண்டுல போற வர்ற வண்டியப் பாத்துகிட்டே நின்னேன். ஏசி எனக்கு ஒத்துக்காது, சின்ன வயசுலேருந்தே ஒத்துக்காது. பூங்கோதை பின்னாடியே வந்து நின்னா. ஒண்ணும் பேசல. அண்ணனுக்குத் தங்கச்சிதானே.

இந்தா, என் செல்லுல இருக்கு, நீ வேணா பாரு. நான் இன்னொரு தடவ பாக்கல. சவுண்டக் கொறச்சு வச்சுக்கோ, பஸ்ஸுல எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க.

நாளைக்கு அபி இதப் பாப்பா. பாத்துட்டு, அம்மா, இத அப்பா எப்பம்மா சொன்னாருன்னு கண்டிப்பாக் கேப்பா. தெனம் சொன்னாருடின்னு சொல்லிடுவேன். இந்த வாட்டி நான் எதையும் யோசிச்சு ஞாபகம் வச்சுக்க வேண்டியதில்ல.